ஆட்டத்தின் நீதி

விளையாட்டைக் காட்டிப் பிள்ளைகளைப் பாடத்துக்கு இழுப்பது அறமாகுமா என்னும் கேள்வியை இந்நாளில் நாம் எழுப்ப வேண்டியிருக்கிறது. 2020ஆம் ஆண்டு மார்ச்சு 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தபின், இயங்கலை வகுப்பு கெடா மாநிலத் தோட்டங்களிலும் நுழைந்தது. புதிர்ப் போட்டிகளும் புள்ளிப் பட்டியல்களும் அதனோடு நுழைந்தன. பள்ளிகள் திறந்து ஆண்டுகள் சில ஆகியும் அவை அகன்றபாடில்லை.

கற்பது தவம், அதில் விளையாட்டு எதற்கு என்று முகஞ்சுளிக்கும் பெரியோர் நம்மிடையே உளர். அவர்களோடு நமக்கு உடன்பாடில்லை. பல்லாங்குழியில் எண்ணக் கற்ற பாட்டிமாரின் பேரப்பிள்ளைகள் அல்லவோ நாம்! அதே இனத்து ஆட்டத்தைச் 'சொங்காக்' என்று மலாய்ச் சிறுவரும் ஆடுகின்றனர். ஆயின் அவ்வாட்டத்தைச் சற்றே ஊன்றி நோக்குங்கள். முதற்காயை எடுக்குமுன் இருவர் பக்கத்துக் குழிகளிலும் காய்கள் சமமாக இடப்படுகின்றன. அவ்வாறு இடாமல் தொடங்கினால் அதனை ஆட்டமென்று எந்தப் பாட்டியும் ஒப்பமாட்டாள்.

நார்வே நாட்டில் தோன்றி இங்கும் வழங்கும் 'கஹூட்' என்னும் வினா விளையாட்டிலே, வழக்கமான முறைப்படி, சரியான விடைக்கு மட்டுமன்றி விரைவுக்கும் புள்ளி உண்டு. சுங்கை பட்டாணியில் தனிக் கணினியும் தடையற்ற இணைப்பும் உடைய சிறுமி நொடியில் விடையைத் தொடுகிறாள். செம்பனைத் தோட்டத்து வீட்டிலோ இருப்பது ஒரே கைப்பேசி. அது தந்தையோடு வெளிக்காட்டுக்குச் சென்று மாலையில்தான் திரும்பும். இரவில் வகுப்பு வைத்தாலும் அண்ணனுக்கும் தங்கைக்கும் அதுவே பங்கு. அலை கிடைக்குமிடம் தேடி வாசலில் நிற்கும் பிள்ளை, தான் அறிந்த விடையையே காலந்தாழ்த்தி அனுப்பிவிட்டு, முன்னணிப் பட்டியலில் தன் பெயரைக் காணாது திகைக்கிறது. அறியாமைக்கு வந்த தண்டனையா அது? வறுமைக்கு வந்தது. இதற்கு 'ஊக்கமூட்டல்' என்று பெயரும் இட்டிருக்கிறோம்!

தொலைவிலிருந்து கற்பித்தல் நமக்குப் புதிதன்று. 1950இல் 'தமிழ் நேசன்' ஏட்டில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் 'கதை வகுப்பு' நடத்தினர். தோட்டத்து வாசகனும் பட்டணத்து வாசகனும் விரித்தது ஒரே ஏடு. அஞ்சல் மெதுவாகத்தான் சென்றது. அந்த மெதுவிலே ஒரு நேர்மை இருந்தது. வேலை முடித்து விளக்கேற்றி எழுதுவோனுக்கும் அது காத்திருந்தது.

இயங்கலை வகுப்பிலும் வினாக்களைக் காலையில் இட்டு மறுநாள் இரவுவரை திறந்து வைக்கலாகும். புள்ளியைத் தனியாளுக்கு அளியாது நால்வர் குழுவுக்கு அளிக்கலாகும். இருவர் பட்டணத்தார், இருவர் தோட்டத்தார். கணக்கில் வல்லவள் புலனத்தில் குரற்பதிவு செய்து விளக்கட்டும். மரமும் மண்ணும் பற்றிய பாடம் வரும்போது தோட்டத்துப் பையன் அவளுக்கு விளக்குவான்.

'எங்கள் கெட்டிக்காரப் பிள்ளை பின்னடையாதோ?' என்று பட்டணத்துப் பெற்றோர் கேட்பர். கேட்கத் தக்க கேள்விதான். நம் திண்ணைப் பள்ளிகளில் சட்டாம்பிள்ளைகள் இளையோர்க்குப் பாடஞ்சொன்னார்கள். மாணவர் மாணவர்க்குக் கற்பிக்கும் இம்முறையைச் சென்னை அநாதைப் பள்ளியொன்றில் கையாண்ட ஆண்ட்ரூ பெல் பாதிரியார், 1797இல் அதைப் பற்றி இலண்டனில் நூல் வெளியிட்டார். 'சென்னை முறை' என்ற பெயரோடே அது ஆங்கிலப் பள்ளிகளிலும் பரவிற்று. கற்பித்த சட்டாம்பிள்ளை எதையும் இழந்ததாக அவர் எண்ணவில்லை. சொல்லிக் கொடுப்பவனும் கற்கிறான் என்பதே அவர் வாதம்.