பின்னால ஒரு கை

எங்கள் பக்கம் டீக்கடையில் அரசியல் பேச்சு சூடேறினால் யாராவது ஒருவர் குரலைத் தாழ்த்தி, "இதுக்குப் பின்னால ஒரு கை இருக்குப்பா" என்பார். படித்த நாங்கள் உள்ளுக்குள் சிரித்துக்கொள்வோம். அமெரிக்கக் கம்யூனிச எதிர்ப்பாளர்களின் இதே மனநிலையைப் பற்றித்தான் ரிச்சர்ட் ஹாஃப்ஸ்டாட்டர் 1964இல் புகழ்பெற்ற கட்டுரை ஒன்றை எழுதினார். எதைப் பார்த்தாலும் சதி என்று தோன்றும் மனம்.

ஆனால் நம் ஊர்க் கதையில் சதியைக் கண்டுபிடித்தது டீக்கடை அல்ல, சர்க்கார். 1962இலும் 1967இலும் புதுக்கோட்டை மக்களவைக்கு அனுப்பிய ஆர். உமாநாத், உலகப்போர்க் காலத்தில் சென்னைச் சதி வழக்கில் சிக்கிய இளைஞர். அதற்கு முன்பு கான்பூர், மீரட் என்று வரிசையாகச் சதி வழக்குகள். மீரட்டில் பயன்பட்ட 121ஏ பிரிவின்படி எதையும் செய்திருக்க வேண்டியதில்லை, திட்டமிட்டாலே குற்றம். சந்தேகத்துக்கு இதைவிட வசதியான சட்டம் கிடைக்காது.

சிக்கல் என்னவென்றால், அந்தச் சந்தேகம் முழுப்பொய்யும் இல்லை. மீரட் கைதிகளில் ஒருவரான பிலிப் ஸ்ப்ராட் என்ற ஆங்கிலேயர், உண்மையாகவே கம்யூனிஸ்ட் அகிலத்துக்காக 1926இல் இந்தியா வந்தவர். 12 ஆண்டு தண்டனை, மேல்முறையீட்டில் 2 ஆண்டாகக் குறைந்தது. பிறகு சிங்காரவேலரின் உறவுக்காரப் பெண்ணை மணந்து, மெல்ல மெல்லக் கம்யூனிச எதிர்ப்பாளராக மாறி, கலாச்சாரச் சுதந்திரத்துக்கான காங்கிரஸின் இந்தியக் கிளையில் பொறுப்பு வகித்தார். கடைசியில் சென்னையில் 'ஸ்வராஜ்யா' ஆசிரியர். அந்தக் காங்கிரஸுக்கு சிஐஏ பணம் போனது 1966-67இல் அம்பலமானது. ஒரே மனிதரின் வாழ்க்கையில், இரண்டு தரப்பிலும், பின்னால ஒரு கை!

அப்போ டீக்கடைக்காரர் சொன்னது சரிதானா?

கை இருந்தது. ஆனால் 1928இல் பம்பாய் மில் தொழிலாளர்கள் ஏறத்தாழ ஆறு மாதம் வேலைநிறுத்தம் செய்தார்களே, அந்தப் பசியை மாஸ்கோவா அனுப்பியது? மீரட் வழக்கின் பிழை, இல்லாத கையைப் பார்த்தது அல்ல. கையைக் கண்டதும் மனிதர்களை மறந்தது. ஒருவனை 'ஏவிவிடப்பட்டவன்' என்று சொன்ன நொடியில் அவனுடைய காரணத்தை அவனிடமிருந்து பிடுங்கிவிடுகிறோம். சதிக் கோட்பாட்டின் அநியாயம் எனக்கு இங்கேதான் தெரிகிறது. இதில் இடதுசாரிகளும் சுத்தமில்லை. 1970களில் இந்திரா காந்தி எதிர்ப்பை எல்லாம் 'அந்நியக் கை' என்றபோது இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி அவர் பக்கம் நின்று, நெருக்கடி நிலையையும் ஆதரித்தது.

இப்போது எங்கள் மாவட்டத்துக்கே வருகிறேன். வேங்கைவயலில் தலித் குடியிருப்பின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது 2022 டிசம்பர் இறுதியில் தெரியவந்தது. விசாரிக்கப் போன அதிகாரிகளிடம், பக்கத்து இறையூரில் கோயிலுக்குள் தங்களை விடுவதில்லை, டீக்கடையில் இரட்டைக் குவளை இருக்கிறது என்று மக்கள் சொன்னார்கள். 2025 ஜனவரியில் சிபிசிஐடி குற்றப்பத்திரிகை, அதே குடியிருப்பைச் சேர்ந்த மூன்று தலித் இளைஞர்களைக் குற்றவாளிகள் என்றது. மக்கள் நம்பவில்லை. விசிகவும் மார்க்சிஸ்ட் கட்சியும் சிபிஐ விசாரணை கேட்டன.

"எல்லாத்தையும் சதின்னு சொல்றது இவங்களுக்குப் பழக்கம்" என்றார் படித்த நண்பர் ஒருவர். எனக்கு அவர் பேச்சுதான் மீரட் வாடை அடித்தது. அந்த மக்களின் சந்தேகம் கோயில் வாசலிலும் டீக்கடைக் குவளையிலும் பல தலைமுறையாக வளர்ந்தது, யாரும் ஏற்றிவிட்டதல்ல. அது கேட்பதும் யாரையும் உள்ளே தள்ளச் சொல்லி அல்ல, இன்னொரு முறை விசாரிக்கச் சொல்லித்தான். என்ன நடந்தால் தங்கள் சந்தேகம் தீரும் என்று அவர்கள் சொல்லிவிட்டார்கள். நண்பரிடம் அதையே கேட்டேன்: "எதைக் காட்டினா நீங்க உங்க முடிவை மாத்திக்குவீங்க சார்?"

டீயை முடித்துவிட்டு, நேரமாச்சு என்று கிளம்பினார்.