ஐப்பசி உழவும் கொல்லாமையும்

வந்தவாசி, செய்யாறு, ஆரணி, செஞ்சி, திண்டிவனம் ஆகிய வட்டாரங்களில் பரவி வாழும் நம் சமூகத்தார் தலைமுறை தலைமுறையாக உழவையே தொழிலாகக் கொண்டவர்கள். அவர்களுக்கு ஐப்பசி ஓய்வற்ற மாதம். வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20-ஆம் நாளை ஒட்டித் தொடங்குகிறது. ஏரியில் நீர் ஏறுகிறது, கழனி இளகுகிறது. கார்த்திகை பிறப்பதற்குள் சேடை ஓட்டி நடவை முடித்துவிட வேண்டும் என்னும் பரபரப்பு ஊரெங்கும் பற்றிக்கொள்கிறது. காலந்தாழ்ந்து நட்ட பயிர் கதிர் விடும் நாளில் பனி வந்து சேரும், பதர் மிகும் என்பது உழவர்களின் நியாயமான அச்சம்.

ஆனால் இதே மழைக்காலந்தான் மண்ணில் உயிர்கள் பெருகும் காலமும் ஆகும். வெயிலில் ஆழத்தில் பதுங்கியிருந்த மண்புழு மேலே வருகிறது. நத்தையும் நண்டும் தவளையும் கழனியை நிறைக்கின்றன. அந்த ஈர மண்ணில் கொழுமுனையை இறக்கும் சிராவகன், தான் ஏற்ற கொல்லாமை அணுவிரதத்தை எங்ஙனம் காக்கிறான்? இவ்வினா நம் வீடுகளில் நெடுங்காலமாக இருந்து வருவது. இதற்கு எளிய விடை சொல்லி நாம் அமைதியடைந்து விடுகிறோம் என்பதே என் கவலை.

நம் முனிவர்கள் மழைக்காலத்தில் ஊர் ஊராக நடப்பதில்லை. பசும்புல்லும் புழு பூச்சியும் நிறைந்த நிலத்தில் அடி வைத்தாலே உயிர் மடியும் என்பதால் நான்கு மாதம் ஓரிடத்தில் தங்குகிறார்கள். அதுவே சாதுர்மாசம். துறவி அடி எடுத்து வைக்கவும் அஞ்சும் அதே நிலத்தில் இல்லறத்தான் கலப்பை பூட்டுகிறான். மேலும் ஒன்று: சாதுர்மாசம் பெரும்பாலும் தென்மேற்குப் பருவமழையை ஒட்டி அமைந்தது, பகவான் மகாவீரர் முக்தியடைந்த தீபாவளியை ஒட்டி அது நிறைவடைகிறது. நம் நாட்டிலோ பெருமழை அப்போதுதான் வலுக்கிறது. ஆகவே நாள்காட்டியைப் பார்த்து, விரத காலம் முடிந்தது என்று நாம் இருந்துவிட முடியாது. உயிர்கள் நாள்காட்டி பார்த்துப் பிறப்பதில்லை.

அப்படியானால் உழவே பாவத் தொழிலா? அன்று. கற்பக மரங்கள் மறைந்து மக்கள் பசியால் வாடிய காலத்தில், வாழும் வழியாக ஆறு தொழில்களைக் கற்பித்தவர் ஆதிநாதர். வாள், எழுத்து, உழவு, கலை, வாணிபம், சிற்பம் என்னும் அவ்வாறனுள் உழவும் ஒன்று. அப்பெருமானின் இலாஞ்சனமும் எருதே. தீர்த்தங்கரர் கற்பித்த தொழிலை இழிந்தது என்று நாம் கூறலாகாது.

நம் ஆசாரியர்கள் இவ்விடத்தில் மிக நுட்பமாகச் சிந்தித்திருக்கிறார்கள். கொல்ல வேண்டும் என்னும் எண்ணத்தோடு செய்வது சங்கல்ப ஹிம்சை. அதை இல்லறத்தான் முற்றிலும் விட வேண்டும். வீட்டு வேலைகளில் நேர்வது ஆரம்ப ஹிம்சை. தொழிலில் நேர்வது உத்யோக ஹிம்சை. தற்காப்பில் நேர்வது விரோத ஹிம்சை. இம்மூன்றையும் அவனால் முழுவதும் விட இயலாது. இயன்ற அளவு குறைக்க வேண்டும். 959-இல் யசஸ்திலகத்தை முடித்த சோமதேவ சூரி, வலையோடு காத்திருப்பவனையும் ஏர் ஓட்டுபவனையும் ஒப்பிடுகிறார். ஒருவன் அன்று ஓர் உயிரையும் கொல்லாவிடினும் கொலை எண்ணத்தால் பாவியாகிறான். மற்றவன் பல உயிர் மடியக் காரணமாயினும் அவன் எண்ணம் கொலையில் இல்லை என்பது அவர் கருத்து. பிற்காலத்தில் ஆசாதரரும் இவ்வுவமையை எடுத்தாள்கிறார்.

இவ்வுவமை உழவனுக்கு ஆறுதல் தருவது. ஆயினும் ஆறுதலாக வந்தது நாளடைவில் சாக்காக மாறிவிடக் கூடும். “கொல்லும் எண்ணம் எனக்கில்லை, ஆகவே எப்படி உழுதாலும் குற்றமில்லை” என்று சோமதேவர் சொல்லவில்லை. தத்துவார்த்த சூத்திரத்தில் உமாஸ்வாமிகள் ஹிம்சைக்கு இலக்கணம் கூறும்போது, பிரமாதத்தோடு கூடிய செயலால் உயிரைப் போக்குவது என்கிறார். பிரமாதம் என்பது விழிப்பின்மை, கவனமின்மை. ஆகவே கேட்க வேண்டிய கேள்வி ‘கொல்ல எண்ணினாயா?’ என்பதோடு நின்றுவிடுவதில்லை. ‘காக்க எண்ணினாயா?’ என்பதும் அதனுள் அடங்கும்.

என் இளமையில் கண்ட ஒரு நிகழ்ச்சியை இங்கே சொல்ல வேண்டும். ஓர் ஐப்பசியில் பத்து நாள் விடாத மழை. எங்கள் இரண்டு ஏக்கர் கழனி சேடைக்குக் காத்திருந்தது, நாற்றும் முற்றிக்கொண்டிருந்தது. ஊரில் இருந்தது ஒரே டிராக்டர். எங்கள் முறை இரவு எட்டு மணிக்குத்தான் வந்தது. என் தந்தையார் கதிரவன் மறைந்தபின் ஒரு மிடறு நீரும் பருகாதவர். அவர் தயங்கி நின்றார். “நயினாரே, இன்று விட்டால் இன்னும் ஐந்து நாள் ஆகும்” என்றார் ஓட்டுநர். தந்தையார் சம்மதித்துவிட்டார்.

மறுநாள் விடியலில் அவரோடு நானும் சென்றேன். இரும்புக் கூண்டுச் சக்கரம் கலக்கிய நீரின்மேல் தவளைகளும் நண்டுகளும் மிதந்தன. அறுபட்ட மண்புழுக்கள் நெளிந்தன. முன்விளக்கின் ஒளிக்கு வந்து விழுந்த பூச்சிகள் வரப்போரம் ஒதுங்கிக் கிடந்தன. கொக்குகள் இறங்கியிருந்தன. தந்தையார் நெடுநேரம் வரப்பில் நின்றார். அன்று அவர் உபவாசம் இருந்தார்.

“கழனி வேலை என்றால் இது நடப்பதுதானே, அப்பா?” என்று கேட்டேன்.

“பகலில் உழுதாலும் சில உயிர் போகும், தம்பி. அதற்கு நான் உழவன் என்று சொல்லிக்கொள்வேன். இரவில் போனவற்றுக்கு என்ன சொல்வேன்?” என்றார்.

விளக்கொளியில் உணவில் விழும் சிற்றுயிரை எண்ணி இரவுணவை விலக்கியவர்கள் நாம். ஒரு கவளத்துக்காக விளக்கேற்ற அஞ்சுகிற நாம், இரண்டு ஏக்கர் நிலத்தில் விளக்கேற்றி இயந்திரம் ஓட்ட அஞ்சவில்லை. இம்முரண்பாட்டை அன்றுதான் உணர்ந்தேன்.

இத்தகைய அவசரம் நமக்கு மட்டும் உரியதன்று. ரஷ்யா, கனடா போன்ற குளிர்நாடுகளில் அறுவடை முடிந்ததும் நிலம் உறைவதற்கு முன் உழுது போடும் வழக்கம் உண்டு. உறைபனி மண்கட்டிகளை உடைத்துத் தருகிறது. இலையுதிர் காலம் மழையிலேயே கழிந்தால், அங்கும் குளிரை அஞ்சிச் சகதியில் உழ நேர்கிறது. அதன் விளைவை மண்ணே காட்டிவிடும். ஈரம் மிகுந்த களிமண்ணைக் கொழு புரட்டுவதில்லை; மெழுகிவிடுகிறது. சக்கரத்தின் எடை அடிமண்ணை இறுக்குகிறது. வேரும் நீரும் காற்றும் இறங்க வழியின்றிப் போகின்றன. நெற்கழனியில் நீர் தங்குவதற்காக மண்ணை வேண்டுமென்றே குழைக்கிறோம், அது வேறு. நம் மணிலாக் கொல்லைகளில் பதம் வராமுன் ஏர் ஓட்டினால், குளிர்நாட்டார்க்கு நேர்வதே நமக்கும் நேரும். காய்ந்தபின் கட்டிகள் செங்கல்லாக நிற்கும்.

வள்ளுவப் பெருந்தகை உழவு அதிகாரத்தில், ஒரு பலப் புழுதி கால் பலமாகும்படி உழுது காயவிட்டால் ஒரு பிடி எருவும் வேண்டாமல் பயிர் செழிக்கும் என்னும் கருத்தை வைத்திருக்கிறார். அதில் பொறுமையும் ஒரு பாடமாக அமைந்திருக்கிறது. கோடையில் உழுது வைத்த நிலத்துக்கு மழையில் உழவு குறைவாகவே தேவைப்படும். கோடை உழவிலும் உயிர்ச்சேதம் உண்டு. மண்ணுள் உறங்கும் கூட்டுப்புழுக்கள் வெயிலில் மடிகின்றன. குற்றமே இல்லாத உழவு எதுவும் இல்லை. குறைந்த குற்றமுள்ள உழவு உண்டு.

மண்புழுவை ஈரறிவுயிர் என்று நம் நூல்கள் கூறும். 1881-இல் சார்லஸ் டார்வின் மண்புழுக்களைப் பற்றி ஒரு தனி நூலே எழுதினார். இங்கிலாந்தின் பல இடங்களில் ஓர் ஏக்கர் நிலத்தில் ஆண்டொன்றுக்குப் பத்து டன்னுக்கு மேற்பட்ட மண் அவற்றின் உடல் வழியே சென்று வெளிவருகிறது என்று அவர் கணக்கிட்டார். மனிதன் ஏர் பூட்டுவதற்கு முன்பே நிலத்தை உழுதுகொண்டிருந்தது மண்புழு. நாம் அவசரத்தில் அறுப்பது நம் உடனுழவனையே.

இங்கே ஒரு தடை எழும். காத்திருந்தால் விளைச்சல் குறையுமே, அதற்கு யார் பொறுப்பு? இது புறக்கணிக்கத்தக்க கேள்வியன்று. பின்னர் ஓர் ஆண்டு அதே நிலை வந்தபோது, பகலில் முறை கிடைக்கும்வரை என் தந்தையார் ஆறு நாள் காத்திருந்தார். அவ்வாண்டு ஏக்கருக்கு நான்கு மூட்டை குறைந்தது. கடனில் ஒரு பகுதி மறு ஆண்டுக்கு நின்றது. என் தாயார் அதைப் பல நாள் சொல்லிக்கொண்டிருந்தார். அதில் தவறும் இல்லை. அறம் செலவில்லாமல் கிடைப்பதன்று.

ஆயினும் எங்களால் அந்த இழப்பைத் தாங்க முடிந்தது. ஓர் ஏக்கரைக் குத்தகைக்கு உழும் ஏழையிடம் ‘காத்திரு’ என்று சொல்ல நமக்கு உரிமையில்லை. அவருடைய அவசரத்துக்குள் பசி இருக்கிறது. நம்முடைய அவசரத்துக்குள் என்ன இருக்கிறது என்பதைத்தான் ஒவ்வொருவரும் பார்க்க வேண்டும். தேவையா, பேராசையா, பக்கத்துக் கழனிக்காரரை முந்தும் எண்ணமா, அல்லது வேலை முடிந்தால் போதும் என்னும் சலிப்பா? தேவையின்பாற்பட்டதே உத்யோக ஹிம்சை. மற்றவற்றை அப்பெயரால் மூடுவது நம்மையே ஏமாற்றிக்கொள்வதாகும்.

இல்லறத்தானின் விரதம் எல்லை வகுப்பதில் இருக்கிறது. உபாசகதசா என்னும் சுவேதாம்பர ஆகமத்தில் வரும் ஆனந்தன், மகாவீரரிடம் விரதம் ஏற்றபோது உழவை விடவில்லை. 500 ஏர், ஏர் ஒன்றுக்கு 100 நிவர்த்தனம் நிலம், அதற்கு மேல் இல்லை என வரையறுத்துக்கொண்டான். சமந்தபத்திரர் இரத்தினகரண்டகத்தில் சிராவகனின் பதினொரு படிகளுள் எட்டாம் படியில்தான் பணி, உழவு, வாணிபம் முதலியவற்றை விடச் சொல்கிறார். அப்படியை எட்டாத நாம் செய்யக்கூடியவை சிறியவை, ஆனால் உண்மையானவை. இரவில் உழாதிருத்தல். இரண்டு சால் போதுமிடத்தில் மூன்றாவது ஓட்டாதிருத்தல். கழனியைச் சுற்றி வளைத்து நடுவில் உயிர்களை மடக்காமல், அவை வரப்பேற ஒரு பக்கம் விட்டு ஓட்டுதல். கொல்லையில் பதம் வரும்வரை பொறுத்தல். நேர்ந்துவிட்ட கேட்டுக்கு மாலையில் பிரதிக்கிரமணம் செய்தல். செய்தபின் மறுநாள் அதே தவற்றுக்குத் திரும்பாதிருத்தல்.

நகரத்தில் வாழும் நம்மவர்க்கு இதில் பங்கில்லை என்று எண்ண வேண்டா. தானே செய்தல், பிறரைச் செய்வித்தல், உடன்படுதல் என்னும் மூன்றாலும் வினை வந்து சேரும் என்பது நம் கொள்கை. உழவுக்கு உடன்படுவதை விடுதல் பத்தாம் படியில்தான் வருகிறது. ஊரிலுள்ள நிலத்தைக் குத்தகைக்கு விட்டு, “இரவானாலும் முடித்துவிடுங்கள்” என்று தொலைபேசியில் சொல்பவர் வரப்பில் நிற்பவரைவிடத் தூயவர் அல்லர். சோறு உண்பவர் எவரும் அக்கழனிக்கு வெளியே இல்லை.

தந்தையார் மறைந்து பல ஆண்டுகள் ஆகின்றன. இன்றும் ஐப்பசி மழை பிடித்ததும் டிராக்டர்க்காரர் கேட்பது “இரவு வரட்டுமா?” என்பதுதான். ஒவ்வோர் ஆண்டும் விடை சொல்லுமுன் ஒரு கணம் தயங்குகிறேன். கணக்கு ஒரு பக்கம் இழுக்கிறது. அந்த விடியற்காலைக் கழனி மறுபக்கம் இழுக்கிறது. இதுவரை “பகலில் வாருங்கள்” என்றே சொல்லி வந்திருக்கிறேன். வரும் ஐப்பசியிலும் அவ்வாறே சொல்ல எனக்கு வலிமை வேண்டும். ஜினதருமம் வளர்க.