நோக்குவோன் கடன்

எடுத்துக்கொள்பவன் குற்றவாளியாகலாம், பார்த்துச் செல்பவன் எவ்வாறு குற்றவாளியாவான்? பறவை அவதானிப்போர் தம் ஈடுபாட்டிற்குக் கூறும் அறநியாயம் பெரும்பாலும் இவ்வினாவிலேயே அடங்கிவிடுகின்றது. வேட்டையாடுபவன் பறவையின் உயிரைக் கவர்கின்றான். கூட்டில் அடைப்பவன் அதன் சுதந்திரத்தைக் கவர்கின்றான். தொலைநோக்கியுடன் கரையில் நிற்பவனோ எதனையும் கவர்வதில்லை என்பர். இக்கூற்று எவ்வளவு உண்மையானது என்பது ஆராயற்பாலது.

மாரிகாலத்தில் மன்னார்ப் பகுதிக்குச் செல்லும் ஓர் அவதானிப்புக் குழுவின் ஒருநாட் பயணத்தை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். விடியற்பொழுதில் அக்குழு கட்டுக்கரைக் குளத்தின் அணைக்கட்டில் நிற்கின்றது. தேக்கம் அணையில் மறிக்கப்படும் அருவி ஆற்று நீர் வாய்க்கால் வழியே வந்து நிறைக்கும் இக்குளம் நெல் விளைவிப்பதற்கென ஆக்கப்பட்டது. ஆயினும் ஆசியாவின் வடபுலக் குளிரை விட்டு நீங்கிவரும் ஊசிவால் வாத்துக்கும் நீலச்சிறகிக்கும் அது புகலிடமாகின்றது. பின்னர் குழு வங்காலைச் சேற்றுநிலங்களை அடைகின்றது. 2008 இல் சரணாலயமாகப் பிரகடனப்படுத்தப்பட்டு, 2010 இல் றாம்சார் ஈரநிலமாக ஏற்கப்பட்ட இவ்விடத்திலே பூநாரைகள் தலைகவிழ்த்து, வளைந்த அலகால் நீரை வடித்து இரை கொள்கின்றன. மாலையில், அருவி ஆறு கடலொடு கலக்கும் கழிமுகத்திலே பயணம் முடிவடைகின்றது.

சிக்கல் எழுவது அக்கழிமுகத்திலேதான். சேற்றிலே சிறு கரையோரப் பறவைகளின் கூட்டமொன்று மேய்கின்றது. ஒளி மங்கிவருகின்றது; இனம் தெளிவாகவில்லை. இன்னும் பத்து அடி முன்வைத்தால் தெளிவாகலாம். அந்தப் பத்து அடியில் கூட்டம் முழுவதும் எழுந்து பறந்துவிடவும் கூடும்.

பறந்தால் இழப்பு என்ன? வலசைப் பறவைக்கு உடலிற் சேர்த்த கொழுப்பே வழிச்செலவு. 2022 இல் பட்டைவால் மூக்கன் ஒன்று அலாஸ்காவிலிருந்து தஸ்மேனியா வரை ஏறத்தாழ 13,500 கிலோமீற்றர் தூரத்தைப் பதினொரு நாட்களில் எங்கும் இறங்காது கடந்தமை கருவிகொண்டு பதிவுசெய்யப்பட்டது. எல்லாப் பறவைகளும் அவ்வளவு தூரம் செல்வதில்லை. எனினும், மேயும் பொழுதைப் பறித்து வீணே பறக்கச் செய்வது எப்பறவைக்கும் இழப்பே. பார்ப்பவன் எதனையும் எடுக்கவில்லை என்பது ஆகவே பொருந்தாது. அவன் பறவையின் ஓய்வையும் உணவுப் பொழுதையும் எடுத்துக்கொள்கின்றான். இன்று ஒரு குழுவின் பத்து அடி சிறிதாகத் தோன்றலாம். நாளும் ஒரு குழு வருமாயின் அது சிறிதன்று.

அணுகாவிடின் அறிவில்லை, அறிவின்றேற் பாதுகாப்பில்லை என்று மறுப்போர் உளர். இம்மறுப்பு எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. 1987 முதல் ஆண்டுதோறும் ஜனவரியில் நடைபெறும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்புப் போன்ற முயற்சிகள், ஈரநிலங்களுக்காக வாதிடுவோர்க்குச் சான்று தருகின்றன. ஆனால் அறிவுக்கும் ஓர் ஒழுக்கம் உண்டு. குறிப்பேட்டில் ‘இனங்காணப்படவில்லை’ என்று எழுதுவதும் உண்மையே. பட்டியலை நிறைக்கும் ஆசையையே அறிவுத் தேவையென எண்ணுவதுதான் தவறு.

அதே சேற்றில் வலைவீசும் மீனவரும் பறவைகளை எழுப்புகின்றாரே எனலாம். அவர் அங்கு வருவது பிழைப்பிற்காக. அவதானிப்போர் வருவது இன்பத்திற்காக. தேவை குறைந்தவரிடத்தே கடமை மிகுகின்றது. ஒருநாள் வந்து செல்பவர், அந்நீரை நம்பி வாழ்பவரைப் பறவைகளின் பகைவரென்று குறைகூறுவது, தம் கடனைப் பிறர்மேற் சுமத்துவதாகும்.

விலங்குகளுக்கு நேரடியாக நாம் கடமைப்பட்டவரல்லர், அவற்றைக் கொடுமைப்படுத்துவோர் மனிதரிடத்தும் கொடியராவர் என்பதே அதனைத் தவிர்க்கக் காரணம் என்றார் கான்ற். ஆனால் கழிமுகத்துப் பறவை இழப்பது தனக்குரிய ஒன்றை; அவ்விழப்பைக் கணக்கிட மனிதரின் குணநலத்தைச் சுற்றிவரவேண்டியதில்லை. தமிழ் மரபில் இதற்கு இருவகை முன்மாதிரிகள் உள. மயிலுக்குப் போர்வை ஈந்த பேகன் ஒருவகை. அவன் அருள் பெரிது. ஆயினும் மயில் அப்போர்வையை வேண்டிநின்றதில்லை. மற்றையவன் அகநானூற்று முல்லைத் தலைவன். பூந்தாதை உண்ணும் வண்டுகள் கலங்குமென்று அஞ்சித் தன் தேர்மணியின் நாவைக் கட்டி ஒலியடக்கியவன் அவன். பேகனின் அறம் கொடுப்பது. தலைவனின் அறம் தன்னை அடக்கிக்கொள்வது. வண்டுகளுக்கு அவன் எதனையும் கொடுக்கவில்லை. அவற்றின் வாழ்வு தன் வரவாற் குலையாதிருக்கச் செய்தான். காதலியைக் காணும் விரைவிலும் அவன் அதனை மறக்கவில்லை என்பது ஈண்டு மனங்கொளத்தக்கது.

அவதானிப்போர்க்கு ஏற்ற அறம் இவ்விரண்டாவது அறமே. ஆசை மிகுந்திருக்கும் வேளையிலேதான் அது சோதிக்கப்படுகின்றது. கழிமுகத்தில் நிற்கும் குழு அந்தப் பத்து அடியை வையாது, பெயர் தெரியாத பறவைகளைப் பெயர் தெரியாதனவாகவே எழுதிவிட்டுத் திரும்புமாயின், பட்டியலில் ஓரிடம் வெற்றிடமாயிருக்கும். சேற்றில் மேய்ச்சல் தொடரும்.