வகுத்தலும் விற்றலும்

கொல்கத்தா வாழ் தமிழர்களாகிய நமக்கு டிராம் வண்டியும் லேக் மார்க்கெட்டும் வாழ்வோடு கலந்தவை. ராஷ்பிஹாரி அவென்யூ வழியே டிராமில் வந்திறங்கி, வாழையிலையும் காப்பித்தூளும் பூச்சரமும் வாங்கிச் சென்ற குடும்பங்கள் நம்மிடையே பல. அந்த டிராம்கள் இரவில் சென்று தங்கிய டாலிகஞ்ச் பணிமனை நிலத்தில் ஒரு பகுதி, கட்டடங்கள் எழுப்புதற்கெனத் தனியாருக்கு நீண்டகாலக் குத்தகைக்கு விடப்பட்டது. மாநகராட்சிச் சந்தையாகிய லேக் மார்க்கெட்டின் இடத்திலும் இன்று பலமாடி வணிக வளாகம் நிற்கின்றது. இது தகுமா, தகாதா என்னும் வழக்கு நம்மவர் கூடுமிடந்தோறும் எழுகின்றது. தீர்ப்புக் கூறுமுன், பொதுநிலம் யாருடையது என்று ஆராய்தல் நன்று.

1873-ஆம் ஆண்டு சியால்தாவிலிருந்து ஆர்மேனியன் படித்துறை வரை குதிரைகள் இழுக்க ஓடத் தொடங்கியது இந்நகர டிராம். 1902-இல் மின்சாரம் அதனை ஏற்றது. இலண்டன் கம்பெனியின் சொத்தாக இருந்த அதன் நிர்வாகத்தை 1967-இல் மாநில அரசு ஏற்றது. 1976-இல் உடைமையையும் தனதாக்கியது. அன்றுமுதல் தண்டவாளமும் பணிமனையும் மக்களுடைய பொருளாயின. 1953-இல் இரண்டாம் வகுப்புக் கட்டணம் ஒரு பைசா உயர்ந்ததற்கே இந்நகரம் கொந்தளித்தது. ஒரு பைசாவுக்கு வீதியில் இறங்கிய மக்களின் பிள்ளைகள், விலைமதிப்பரிய நிலம் கைமாறும்போது ஏன் வாளாவிருந்தனர்? பைசா நம் பையிலிருந்து போவது கண்ணுக்குத் தெரிகிறது. பொதுநிலம் நம் பையில் இருந்ததாகவே நாம் கருதவில்லை.

எதிர்வழக்குரைப்போர் கூற்றையும் நாம் தள்ளிவிடலாகாது. வண்டிகள் குறைந்தபின் பணிமனை வெற்றிடமாகக் கிடப்பதால் யாருக்கு நன்மை? உழைத்து ஓய்ந்தவர்க்கு ஓய்வூதியம் தர வேண்டாவா? நகரில் குடியிருக்க வீடும் வேண்டுமன்றோ? வாடகைக்கு ஓர் அறை தேடித் தெருத்தெருவாய் அலைந்த நாம், வீடு கட்டுவதே பிழையென்று எவ்வாறு கூற இயலும்?

இவ்விடத்தில் வள்ளுவர் நமக்கு வழிகாட்டுகின்றார். இறைமாட்சி அதிகாரத்தில், பொருள் வரும் வழியை உண்டாக்குதல், ஈட்டுதல், காத்தல், வகுத்தல் என்னும் நான்கனை அரசுக்குரிய ஆற்றலாக வைக்கின்றார். விற்றலை அவர் கூறினாரில்லை. ஆகவே, பொதுநிலத்தில் வீடு கட்டலாமா என்பதன்று வினா. அது வகுத்தலா, விற்றலா என்பதே வினா.

இந்நகரின் கிழக்கெல்லையே இதற்குச் சான்று தரும். 1962-இல் உப்பு ஏரியை மேடாக்கத் தொடங்கி எழுப்பிய பிதான்நகரில், அரசு மனைகளை 999 ஆண்டுக் குத்தகையாக நடுத்தரக் குடும்பங்களுக்கும் பிரித்தளித்தது. மீன்பிடித்து வாழ்ந்தோர் பிழைப்பு இழந்த குறை அதில் உண்டெனினும், அது வகுத்தல். எஞ்சிய சதுப்புநிலத்தைப் பிற பயன்களுக்கு மாற்றலாகாது என 1992-இல் உயர்நீதிமன்றம் தடுத்தது, அது காத்தல். மிகுந்த விலை கூறுவோர்க்கே நிலம் என்னும் ஏலமோ இவ்விரண்டினுள் அடங்காது. ஏலத்தில் தோற்பவர், அந்நிலத்திற்கு ஏற்கெனவே உரிமை பூண்ட ஏழை எளியோரே. குத்தகைதானே, விற்பனையன்றே என்பார் உளர். 99 ஆண்டு கழித்து நிலம் மீளும்போது அதனைக் காண நம்மில் யார் இருப்போம்?

வரி விதிக்கப்படாத பொதுநிலத்திற்குப் புறம்போக்கு என்று நம் முன்னோர் பெயரிட்டனர். அச்சொல்லையே நாம் வசைமொழியாக்கிக் கொண்டோம். எவர்க்கும் தனியுரிமை இல்லாததைப் பயனற்றதென எண்ணும் மனப்பான்மை அவ்வசையிலேயே வெளிப்படுகின்றது.

2024-இல், மைதான் வழித்தடம் ஒன்றைத் தவிர ஏனைய டிராம் தடங்களை நிறுத்தப்போவதாக அரசின் சார்பில் அறிவிக்கப்பட்டது. தடம் போனால் பணிமனை எதற்கு என்னும் கேள்வி அடுத்து வரும். அப்போது நாம் மூன்றினைக் கேட்போமாக: அங்கு எழும் வீட்டில் டிராம் நடத்துநர் ஒருவர் குடியேற இயலுமா? வரும் பணம் ஓராண்டுச் செலவில் கரையுமா, வேறொரு பொதுப்பொருளாக நிலைக்குமா? உரியவராகிய மக்களை யாரேனும் கேட்டார்களா? இம்மூன்றற்கும் நல்விடை கிடைப்பின் கட்டடம் எழுக. கிடையாதாயின் நிலம் வெறுமையாகவே கிடக்கட்டும். இன்று வெறுமையாய்க் கிடக்கும் நிலத்தை நாளை வருவோர் பயன்படுத்தலாம். விற்ற நிலத்தை அவர்கள் மீட்டல் அரிது.