முட்டு

"அவனுக்கு ஏன்டா முட்டுக் குடுக்குற?" என்று இன்று யாரையாவது கேட்டால் சண்டைக்கு வருவார். தப்பு என்று தெரிந்தே கட்சிக்காகவோ நடிகருக்காகவோ வாதாடுகிறவரை நக்கலடிக்கும் சொல்லாக இணையம் அதை ஆக்கிவிட்டது. ஆனால் போடியிலோ உத்தமபாளையத்திலோ பழைய மச்சு வீட்டை மராமத்துப் பார்க்கவரும் ஆசாரிக்கு முட்டுக் கொடுப்பதுதான் முதல் வேலை. அதற்கு முன் உளியை எடுக்கமாட்டார். ஒரே சொல் ஓரிடத்தில் பொறுப்பு, இன்னோரிடத்தில் பித்தலாட்டம். இரண்டையும் பிரிப்பது எது?

மச்சைத் தாங்குவது சுவருக்குச் சுவர் வரிசையாகக் கிடக்கும் மரக்கட்டைகள். அவற்றின்மேல் செங்கல், சுண்ணாம்பு, தளம், அதற்குமேல் மனிதர்கள். கட்டை நடுவில் தொய்ந்தால் கண்ணுக்குத் தெரியும். ஆனால் கேடு பல நேரம் தொடங்குவது சுவருக்குள் நுழைந்திருக்கும் முனையில்தான். சுவரில் ஊறிய மழைத்தண்ணீர் அங்கே தேங்கும், மரம் உளுக்கும், கரையான் ஏறும். வெளியே வார்னிஷ் பளபளவென்றே இருக்கும். சுத்தியல் காம்பால் தட்டினால்தான் பொள்ளல் சத்தம் கேட்கும். ஸ்க்ரூடிரைவரால் குத்தினால் உள்ளே இறங்கும்.

பழுது என்று தெரிந்ததும் கீழே முட்டு நிற்கும். இங்கே ஒன்றைக் கவனிக்கவேண்டும். முட்டு பாரத்தைக் குறைப்பதில்லை, கைமாற்றுகிறது. மச்சின் எடை முட்டு வழியாகத் தரைக்குப் போகிறது. அதனால் அடியில் அகலமான பலகை வைப்பார்கள். இல்லையென்றால் முட்டே தரையைக் குத்திவிடும். மேலே ஒருவரைக் காப்பாற்றும்போது கீழே யார் தலையில் அந்தப் பாரம் இறங்குகிறது என்று பார்ப்பது தொழிலிலும் விதி, வாழ்க்கையிலும் விதி.

பிறகு ஜாக்கி வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்குவார்கள். பல வருஷம் வளைந்து பழகிய கட்டையை ஒரே நாளில் நிமிர்த்தினால் தளம் விரிசல்விடும். கெட்டுப்போன கட்டையின் பக்கத்தில் புதுக்கட்டை ஒன்றை ஒட்டவைத்து, இரண்டையும் துளைத்து போல்ட் முடுக்குவார்கள். புதுக்கட்டை உளுத்த இடத்தைத் தாண்டி நல்ல மரம்வரை நீளவேண்டும், அதன் முனையும் சுவரில் உட்காரவேண்டும். பாரத்தை இறக்காமலே அதைச் சேர்த்தால், பழைய எடையைப் பழைய கட்டையே சுமந்துகொண்டிருக்கும். புதுசு இனி வரப்போகும் எடையில்தான் பங்குபோடும். பார்ப்பதற்குத் துணை, உண்மையில் வேடிக்கை பார்க்கும் ஆள். இவ்வளவும் செய்து கூரை ஒழுக்கை அடைக்காமல் விட்டால் பத்து வருஷத்தில் புதுக்கட்டைக்கும் அதே கதிதான்.

ஆக, நேர்மையான முட்டு 'இங்கே பழுது இருக்கிறது' என்று எல்லோருக்கும் தெரியும்படி நிற்கிறது, வேலை முடிந்ததும் விலகிவிடுகிறது. அதே முட்டுக்கு பெயின்ட் அடித்து, காலண்டர் மாட்டி, 'வீடு நல்லாத்தான இருக்கு' என்று சொல்ல ஆரம்பிக்கும் நாளில் அது இணையத்து முட்டாக மாறிவிடுகிறது.

ஆனால் அடுத்த கேள்விதான் கடினமானது. பழுது சரியாகிவிட்டது என்று யார் சொல்வது? மச்சில் குடியிருப்பவரா, கீழே பாய் விரித்துப் படுப்பவரா?

கம்பம் பள்ளத்தாக்கில் பிறந்தவர்களுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. 1895-இல் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணை சுண்ணாம்பும் சுர்க்கியும் சேர்த்த கட்டுமானம். பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நெல் அந்தத் தண்ணீரில் விளைகிறது. 1979-இல் அணையின் பலம் குறித்து கேரளத்தில் அச்சம் எழுந்தபோது, மச்சுக்கு ஆசாரி செய்வதையே அங்கேயும் செய்தார்கள். முதலில் பாரத்தை இறக்கினார்கள்: 152 அடியாக இருந்த நீர்மட்டம் 136 அடிக்கு வந்தது. பிறகு மத்திய நீர்வள ஆணையம் சொன்னபடி தலையில் கான்கிரீட் தொப்பி, உடலைத் துளைத்துப் பாறைவரை இறக்கிய எஃகுக் கம்பி வடங்கள், முதுகில் புதுக் கான்கிரீட். பழையதை இடிக்காமல் பக்கத்தில் துணை நிறுத்தினார்கள். 2006-இல் உச்ச நீதிமன்றம் 142 அடிக்கு அனுமதித்தது. கேரளம் சட்டம் போட்டுத் தடுத்தது. 2014-இல் அரசியல் சாசன அமர்வு அந்தச் சட்டத்தைச் செல்லாது என்று சொல்லி 142 அடியை உறுதிசெய்தது.

நியாயம் நம் பக்கம் என்றே நானும் நினைக்கிறேன். ஆனால் அணைக்குக் கீழே வல்லக்கடவிலும் வண்டிப்பெரியாற்றிலும் மழை ராத்திரியில் தூங்காமல் இருப்பவருக்குத் தீர்ப்பின் நகல் தூக்கத்தைத் தராது. தண்ணீர் நமக்கு, பயம் அவருக்கு. பழுதுபார்த்த கட்டையின் பலனை மேலே இருப்பவர் அனுபவிக்கிறார், அது தவறினால் விலை கொடுப்பவர் கீழே இருப்பவர். அதனால் கேள்வி கேட்கும் உரிமை கீழே இருப்பவருக்கு ஒரு படி கூடுதலாகவே உண்டு. அவரை 'அரசியல் பண்றான்' என்று தள்ளிவிட்டால் நாம் செய்வது பெயின்ட் அடித்த முட்டுதான்.

அவருக்கும் ஒரு கடமை இருக்கிறது. பயம் சோதனை கேட்கலாம், பயமே சோதனை முடிவாகிவிடாது. தட்டிப் பார், குத்திப் பார், அளந்து பார். பார்த்தபிறகும் 'இடிச்சே ஆகணும்' என்றால் அது மச்சின்மேல் இருப்பவரின் வயிற்றைக் கணக்கில் எடுக்காத பேச்சு. 2011 டிசம்பரில் கம்பமும் குமுளியும் கொதித்தபோது இரண்டு பக்கமும் கூச்சல் இருந்தது. எந்தக் கூச்சலும் கட்டையைத் தட்டிப் பார்ப்பதற்கு ஈடாகாது.

2014 தீர்ப்பு அணைக்கு ஒரு கண்காணிப்புக் குழுவையும் அமைத்தது. பலர் கவனிக்காத அந்தப் பகுதிதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. சரிசெய்துவிட்டோம் என்பதோடு பொறுப்பு முடிவதில்லை, தொடர்ந்து பார்க்கவிடுவதும் அதில் அடக்கம். வீட்டுக்கும் இதுதான் பொருந்தும். கட்டையைச் சரிசெய்த கையோடு ஃபால்ஸ் சீலிங் அடித்து மூடச் சொல்லும் வீட்டுக்காரர்கள் உண்டு, அசிங்கமாகத் தெரிகிறதாம். மூடாதீர்கள். ஒட்டுக்கட்டையும் போல்ட் தலைகளும் வெளியே தெரியட்டும். கீழே படுப்பவர் அண்ணாந்து பார்த்து, மறுபடி ஈரம் ஏறியிருக்கிறதா என்று தானே சொல்லமுடியவேண்டும்.