இடமும் நினைவும்

வீட்டிலிருந்து ஓதும்போது பாதியில் தடைப்படும் தேவாரப் பதிகம், மூலமூர்த்தியின் முன்னே நின்றதும் தடையின்றி வந்துவிடுவதை அடியார்கள் பலரும் அனுபவத்திற் கண்டிருப்பர். சிறுவயதில் தகப்பனாரின் கைபிடித்து நின்ற இடம், கர்ப்பூர வாசனை, மணியோசை ஆகிய எல்லாவற்றோடும் சேர்ந்தே அப்பதிகம் மனதிற் பதிந்தது. அவை கூடும்போது பதிகமும் உடன் வருகிறது.

விஞ்ஞானிகளும் இதனை ஆராய்ந்துள்ளனர். கோடன், படேலி என்னும் இரு உளவியலாளர் சுழியோடிகளைக் கொண்டு செய்த பரிசோதனை 1975 இல் வெளிவந்தது. நீருக்கடியிற் படித்த சொற்கள் நீருக்கடியிலும், கரையிற் படித்தவை கரையிலுமே கூடுதலாக நினைவு வந்தன. 2021 இல் வெளிவந்த மீள்பரிசோதனையில் அம்முடிவு கிடைக்கவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆயினும் வேறு பல ஆய்வுகள் இடத்திற்கும் நினைவிற்கும் தொடர்பு உண்டென்றே காட்டுகின்றன.

நமக்குக் கோணமலையே போதும். சம்பந்தப் பெருமான் பாடிய அத்தலத்தை 1620களிற் போர்த்துக்கேயர் இடித்தனர். கற்கள் கோட்டை கட்டப் பயன்பட்டன. கோயிலும் இல்லை, கோபுரமும் இல்லை. மலை மட்டும் நின்றது. அடியார்களோ அம்மலைக்கு வந்து, கடலை நோக்கிப் பூவும் பழமும் இட்டு வழிபட்டனர். 1950 இற் கிணறு வெட்டும்போது விக்கிரகங்கள் வெளிப்பட்டன. 1963 இற் கும்பாபிஷேகம் நிறைவேறியது. அம்மலை இல்லாதிருந்தால் 300 வருடங்களுக்கு மேலாக அந்த நினைவு எதைப் பற்றிக்கொண்டு நின்றிருக்கும்?

1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்தோர் பலர் இருபது வருடங்களுக்குப் பின்னரே தம் காணிகளைக் கண்டனர். வீடு இல்லை, வேலி இல்லை, ஒழுங்கையும் தெரியவில்லை. கிணற்றைக் கொண்டே வளவை அடையாளம் கண்டோர் உண்டு. கிணற்றடியில் நின்றதும் இறந்துபோனவர்களின் பேச்சுக்கூட நினைவில் வந்திருக்கும்.

ஆகையால், திருப்பணி என்றதும் பழையதையெல்லாம் இடித்து மாபிள் பதிக்க முற்படுவது யோசிக்கவேண்டிய காரியம். ஆகமப்படி செய்யும் புனருத்தாரணம் வேறு. கையிற் காசு இருக்கிறது என்பதற்காகத் தேர்முட்டிப் படியையும் கேணிக்கட்டையும் மடத்துத் திண்ணையையும் தட்டிவிடுவது வேறு. வெளிநாட்டிலிருந்து மகோற்சவத்துக்கு வருவோரிற் பலருக்கு ஊரில் வீடு இல்லை. “இந்தத் திண்ணையிலே இருந்துதான் அப்பப்பா புராணம் படித்தவர்” என்று தம் பிள்ளைகளுக்குக் காட்ட அத்திண்ணை ஒன்றுதான் இருக்கிறது. மடத்துக் கூரை ஒழுகினால் ஓட்டை மாற்றலாம். திண்ணை அப்படியே இருக்கட்டும்.