மீள்நியமனம்: உரிமையா, கருணையா?

வேலையிலிருந்து நீக்கப்பட்ட ஒருவரை அதே நிருவாகம் பின்னொருநாள் மீண்டும் சேர்த்துக்கொள்ளும்போது, நாம் பெரும்பாலும் மகிழ்ந்து அத்துடன் அமைந்துவிடுகிறோம். அணைந்த அடுப்பு மீண்டும் எரிகிறது. அது சிறிய செய்தியன்று. ஆயினும் அவர் எவ்வாறு உள்ளே வருகிறார் என்ற வினா எஞ்சி நிற்கிறது. பறிக்கப்பட்டதைத் திரும்பப் பெறுபவராகவா, அன்றி இரந்து பெறுபவராகவா? வேலை ஒன்றே, இருக்கையும் ஒன்றாக இருக்கலாம். அறநோக்கில் இவை இரண்டும் வெவ்வேறு செயல்கள்.

1980 ஜூலையில் மாதம் 300 ரூபா சம்பள உயர்வு கேட்டு அரசாங்க ஊழியரும் பிறரும் வேலைநிறுத்தம் செய்தனர். ஜே. ஆர். ஜயவர்த்தனாவின் அரசாங்கம் அதனை அவசரகால ஒழுங்குவிதிகள் கொண்டு எதிர்த்தது. வேலைக்குத் திரும்பாதோர் தம் பதவியைத் தாமே வறிதாக்கியவராகக் கருதப்பட்டனர். ஏறத்தாழ 40,000 பேர் தொழிலிழந்தனர்.

'பதவியை வறிதாக்கல்' என்ற இத்தொடரை நாம் சற்று உற்று நோக்குதல் வேண்டும். இதில் வேலையைப் பறித்தவர் என எவருமிலர், எழுவாய் தொழிலாளியே. செயப்பாட்டுவினைக்கு ஆளானவனைச் செய்வினைக்கு எழுவாயாக்கும் இவ்விலக்கணத்தை நம் வகுப்பறையில் ஒரு மாணவன் எழுதினால் சிவப்பு மையால் திருத்துவோம். வர்த்தமானியில் வந்தால் அது சட்டமாகிவிடுகிறது. தீங்கு இத்துடன் நிற்பதில்லை. கூடிச் செய்த ஒரு போராட்டம் பல்லாயிரம் தனித்தனி ஓடிப்போதல்களாக உடைக்கப்படுகிறது. அணியாக வெளியேறியவர் திரும்பிவருங்கால் தனியராகவே, கையில் மனுவுடன், வாயிலில் நிற்க நேர்கிறது. தொழிற்சங்கத்தின் முதுகெலும்பு முறிவது பதவிநீக்கத்திலன்று, இம்மனுவிலேயே.

இது நம் நாட்டிற்கு மட்டும் உரியதன்று. அடுத்த ஆண்டு, 1981 ஆகஸ்டில், அமெரிக்காவில் வேலைநிறுத்தம் செய்த விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளருக்கு ஜனாதிபதி ரேகன் 48 மணிநேரத் தவணை விதித்தார். திரும்பாத 11,000க்கு மேற்பட்டோர் நீக்கப்பட்டனர். அவர்களை மீண்டும் அவ்வேலைக்கு எடுத்தலும் தடைசெய்யப்பட்டது. 1993இல் கிளின்டன் அத்தடையை நீக்கினார். நீக்கியபோதும் கிடைத்தது வேலையன்று, விண்ணப்பிக்கும் அனுமதியே. பன்னிரண்டாண்டு வாழ்வை எந்த விண்ணப்பப் படிவம் ஈடுசெய்யும்?

நம் சட்டத்திலும் ஒரு முரண்பாடு உண்டு. 1950ஆம் ஆண்டின் கைத்தொழிற் பிணக்குகள் சட்டம் 1957இல் திருத்தப்பட்டபின், நீக்கப்பட்ட தொழிலாளி தொழில் நியாயசபையை நாடலாம். அது அவரை மீள வேலைக்கமர்த்துமாறு கட்டளையிடவும் கூடும். ஆனால் அரசாங்கம் தானே வேலைகொள்வோனாக நிற்குமிடத்து இச்சட்டம் ஏற்புடைத்தன்று. தனியார் கம்பனிக்குக் கடிவாளமிட்ட கை தனக்கு அதனை இட்டுக்கொள்ளவில்லை.

நீக்கப்பட்டோரின் இடத்திற்கு எடுக்கப்பட்டவரும் ஏழைகள்தாமே, பழையவர் திரும்பினால் அவர் எங்கே போவார் என்று சிலர் கேட்பர். கேள்வி நேர்மையானதே. எனினும் அதற்கு விடையளிக்க வேண்டியவர் அவ்விடத்தை வெறுமையாக்கியவரேயன்றி, வெளியே நிற்பவரல்லர். இரு ஏழைகளை ஓர் இருக்கைக்கு மோதவிட்டு நீதி பேசுவது பழைய தந்திரம்.

மன்னிப்புக் கேட்டுக் கையொப்பமிட்டு உள்ளே செல்பவரை நாம் எவ்வாறு மதிப்பது? கையொப்பமிட மறுத்துப் பட்டினி கிடந்தவரின் உறுதிக்கு நாம் தலைவணங்குகிறோம். அவ்வுறுதியைப் பிள்ளைகளின் பசியோடு போராடும் இன்னொருவர்மீது கடனாகச் சுமத்தும் உரிமை நமக்கில்லை. கோழை என்று அவரை ஏசுவது, மனுவை எழுதுவித்தவரின் குற்றத்தை எழுதியவரின் தலையில் ஏற்றுவதாகும். தோழர்களிடையே இக்கசப்பு நீடிப்பதைவிட நிருவாகம் விரும்பக்கூடியது வேறெதுவுமில்லை.

வேலைநிறுத்தக் காலத்தில் மட்டும் எழும் பிரச்சினையன்று இது. 1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டப்படி அக்கொடைக்கு 5 ஆண்டு சேவை நிறைதல் வேண்டும். அது நிறையுமுன் தொழிலாளியை நிறுத்தி, சில வாரங் கழித்துப் 'புதியவர்' என்று பதிந்துகொள்ளும் முதலாளிகளும் உளர். இயந்திரம் அவரை அறியும், உடன் உழைப்போர் அறிவர். சம்பளப் பதிவேடு மட்டும் அறியாது. பொருளாதாரக் காரணத்தால் நீக்கப்பட்டோருக்கு மீள வேலை தருவதில் முன்னுரிமை வேண்டுமெனச் சர்வதேசத் தொழில் அமைப்பு 1982இல் விதந்துரைத்தது. அவ்விதப்புரையும் பழைய சேவைமூப்பைக் காப்பது பற்றிய முடிவை அந்தந்த நாட்டின் நடைமுறைக்கே விட்டுவிட்டது. ஆகவே நம் சங்கங்கள் 'மீள வேலைக்கெடு' என்று எழுதும் ஒவ்வொரு கோரிக்கையிலும் 'முந்திய சேவைக்காலத்தைச் சேர்த்து' என்ற சொற்களும் இடம்பெறுதல் வேண்டும்.